பலகைக்குப் பின்னால்

வீட்டை விற்றுவிடலாம் என்று மார்கெத்தா முதலில் சொன்னது ஜனவரியில். ராவ்மா துறைமுகம் உறைந்து கிடந்த வாரம் அது. வங்கியிலிருந்து வந்த மூன்றாவது கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அதன் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அவள் கணவன் கிம்மோ சமையலறை அலமாரிகள் செய்து பொருத்தும் சிறு கம்பெனி நடத்திவந்தான். பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் திவாலாகிக் கைவிரித்ததும் அவன் கம்பெனியும் விழுந்தது. கம்பெனி வாங்கிய கடனுக்கு இரண்டு பேரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வீட்டுக் கடனின் மிச்சத்தையும் சேர்த்தால் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் யூரோ. வீடு ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்காவது போகும்.

"கடன் முழுசா தீர்ந்துடும், கிம்மோ. மிச்சத்துல ஒரு வாடகை ஃப்ளாட் பார்த்துக்கலாம். ரெண்டு படுக்கையறை போதும். வாசல்ல பனி தள்ற வேலையும் இல்ல."

"மாட்டேன்."

"ஏன்னாவது சொல்லேன்."

"பதினெட்டு வருஷமா என் கையால இழைச்ச வீடு. இதை வித்துட்டு ஒரு பெட்டிக்குள்ள போய் உக்காரணுமா?"

பதினைந்து வயது மகள் ஈரிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "அப்பா கல்யாணம் பண்ணிக்கிட்டது இந்த வீட்டைத்தான்மா. நீ சும்மா கூட வந்தவ."

மார்கெத்தா சிரித்தாள். கிம்மோ சிரிக்கவில்லை. எழுந்து நிலவறைக்கு இறங்கிப் போனான். உள்ளேயிருந்து தாழ் போடும் சத்தம் கேட்டது.

அந்தத் தாழும் கதவின் பூட்டும் புதிது. நிலவறையில்தான் அவர்களுடைய சவ்னா, அடுப்பால் சூடாக்கி வியர்க்க உட்காரும் குளியலறை, இருந்தது. பக்கத்தில், பலகை பதித்த ஒரு பெரிய அறை. அதைச் சில வருஷங்களுக்கு முன்னால் கிம்மோ தானே கட்டினான். இலையுதிர் காலத்திலிருந்து அவன் சவ்னாவைச் சூடாக்குவதையே நிறுத்திவிட்டான். அடுப்புக் கம்பி போய்விட்டது என்றான். சனிக்கிழமை சவ்னா இல்லாத வீடா என்று ஈரிஸ்கூடக் கேலி செய்தாள். "இருக்கிற கடன்ல அடுப்பு வேறயா?" என்று அவன் எரிந்து விழுந்த பிறகு யாரும் கேட்கவில்லை. நிலவறைச் சாவி அவன் கால்சட்டைப் பையிலேயே கிடந்தது.

மார்ச் மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்த மார்கெத்தாவிடம், கோட்டைக்கூடக் கழற்ற விடாமல், "சரி. வித்துடலாம். சீக்கிரமா வித்துடலாம்" என்றான். இரண்டு மாதம் சண்டை போட்டுத் தோற்ற விஷயம் இப்படித் தானாக மடியில் வந்து விழுந்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வீட்டுத் தரகர் சேய்யா வந்தார், படம் எடுத்தார். வீட்டுப் பரிசோதகர் வந்தார். நிலவறைச் சுவரில் ஒரு துளை போட்டுப் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, "இப்பதான் புதுசா பெயின்ட் அடிச்சேன். வேண்டாம்" என்றான் கிம்மோ. பரிசோதகர் தோளைக் குலுக்கி, 'சுவர் திறந்து பார்க்கப்படவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிக்கொண்டு போனார்.

அந்த வரியைப் படித்தும் ஓர் இளம் தம்பதி வீட்டைக் கேட்டார்கள். கணவன் ஓன்னி, மனைவி பின்யா. அவளுக்கு ஏழாவது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் வீடு. தோட்டத்து ஆப்பிள் மரங்களைக் கண்டதுமே அவள் முடிவு செய்துவிட்டாள். ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். பேரமே பேசவில்லை.

கையெழுத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கிம்மோ துறைமுகக் கிடங்கில் தற்காலிக வேலைக்குப் போயிருந்தான். அன்று வேறு கால்சட்டை. பழையது கொக்கியில் தொங்கியது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த மார்கெத்தா ஜாம் பாட்டில்களை எடுத்துவரச் சாவியோடு இறங்கினாள்.

பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொன்று, காட்டில் காளான் பறித்த கூடையை நாலு நாள் மூடிவைத்தால் வரும் வாசனை. பாட்டில் மூடிகளின் மேல் செம்பழுப்பாக மெல்லிய தூள் படிந்திருந்தது, கோகோப் பொடி சிந்தியதுபோல. துடைத்தாள். பக்கத்து அலமாரியிலும் அதே தூள். ஜன்னல் விளிம்பிலும்.

சுவரில் ஒரு பலகையின் திருகாணிகள் மட்டும் பளபளத்தன. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

பலகைக்குப் பின்னால் அது இருந்தது, மரத்தைத் தின்னும் பூஞ்சை. செங்கல் சுவரில் ஒரு தட்டின் அகலத்துக்குத் தடித்து, நடுவில் துருவின் நிறம், ஓரத்தில் வெள்ளை. மேலே நீர்த்துளிகள் வியர்வைபோல நின்றன. அதிலிருந்து பென்சில் பருமனில் சாம்பல் நிற நரம்புகள் சுவரில் ஏறி, மேல்தளத்தைத் தாங்கும் உத்தரங்களுக்குள் போயிருந்தன. ஓர் உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். பிடி வரைக்கும் உள்ளே போனது. கேக்கில் கத்தி இறங்குவதுபோல.

அந்த உத்தரத்துக்கு நேர் மேலே இருந்தது ஈரிஸின் அறை.

கிம்மோ வரும்வரை அங்கேயே படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் இறங்கி வந்தான், திறந்து கிடந்த சுவரைப் பார்த்தான், எதிரே உட்கார்ந்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"போன ஆகஸ்ட்."

"அதான் சவ்னா அடுப்பு கெட்டுப்போச்சா?"

"சூடும் ஈரமும் பட்டா வேகமா வளரும். என் தப்புதான். சுவருக்கும் பலகைக்கும் நடுவுல பிளாஸ்டிக் விரிச்சேன், குளிர் வராதுன்னு. ஈரம் வெளிய போக வழியில்லாம போச்சு."

"விக்கவே மாட்டேன்னு குதிச்சியே, அப்புறம் என்ன ஆச்சு?"

"வித்தா யாராவது வந்து பார்ப்பாங்கன்னு பயந்தேன். மார்ச்ல பார்த்தா உத்தரத்துல ஏறிடுச்சு. இன்னும் ஒரு வருஷம் போனா இந்த வீட்டை யாரும் சும்மாகூட வாங்க மாட்டாங்க."

"சரிபண்ண எவ்வளவு ஆகும்?"

"பாதி வீட்டைப் பிரிக்கணும். தொண்ணூறாயிரம். அதுவும் உத்தரவாதம் இல்லாம." அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "மருந்து அடிச்சிருக்கேன் மார்கெத்தா. மூணு தடவை அடிச்சேன். செத்துப்போச்சு."

"செத்ததுக்கு ஏன் வேர்க்குது?"

கிம்மோ மெதுவாகச் சொன்னான்: "அவங்க ரெண்டு பேரும் சின்னவங்க. வேலை இருக்கு. அப்பா அம்மா இருக்காங்க. முப்பது வருஷத்துல எதையும் சரிபண்ணிக்குவாங்க. நமக்கு என்ன இருக்கு? அடுத்த மாசம் உன் சம்பளத்துல பிடிக்க ஆரம்பிப்பாங்க. ஈரிஸை நினைச்சுப் பாரு."

அவள் ஈரிஸை நினைத்துப் பார்த்தாள். வெகுநேரம். கடைசியில் பலகையைத் திரும்ப வைத்துத் திருகியது மார்கெத்தாதான்.

இரண்டு நாள் கழித்துப் பின்யா ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தாள். ஈரிஸின் அறையில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மூக்கைச் சுருக்கினாள். "ஒரு மாதிரி வாசனை வருதே, இல்ல? இப்பல்லாம் எனக்கு எல்லாத்துலயும் ஏதாவது வாசனை வருது. ஓன்னி கிண்டல் பண்றான்."

"கீழ ஆப்பிள் சேர்த்து வைப்போம். அந்த வாசனைதான்" என்றாள் மார்கெத்தா. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மே மாதம் கையெழுத்தானது. கடன் தீர்ந்தது. வங்கிப் பெண் கை குலுக்கி வாழ்த்தினாள்.

நாலாவது மாடி ஃப்ளாட் சின்னதுதான், ஆனால் வெளிச்சமானது. கட்டடத்துப் பொதுச் சவ்னாவில் வியாழக்கிழமை அவர்களுக்கு ஒரு மணி நேரம். கிம்மோ பழையபடி விசிலடிக்கத் தொடங்கினான். கிடங்கு வேலை நிரந்தரமானது. "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்று அவன் வாயால் சொல்லவில்லை, நடையில் சொன்னான்.

மார்கெத்தாதான் தொலைபேசி அடித்தால் யாரென்று பார்க்காமல் எடுப்பதில்லை. வீட்டில் மறைந்திருந்த குறை வெளியே வந்தால் விற்றவர்கள் ஐந்து வருஷம் பொறுப்பு. தெரிந்தே மறைத்தவர்களுக்கு அந்தக் கெடுவும் கிடையாது. அவள் பழைய தெரு வழியாகப் போவதை விட்டாள். கடைக்குச் சுற்றுவழியில் போனாள். கிம்மோவுடன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஒன்று ஃப்ளாட்டில் மூன்று பேருக்கும் நடுவில் நாலாவது ஆளாக இருந்தது. ஈரிஸுக்கு அது என்னவென்று தெரியாது, ஆனால் இருக்கிறது என்று தெரியும். "உங்களுக்குள்ள என்னதான் நடக்குது? டைவர்ஸா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

மார்கெத்தா பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தாள். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த நோயாளியைக் கூப்பிடக் கதவைத் திறந்தால் பின்யா உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை.

"அட, நீங்களா!" பின்யாவின் முகம் மலர்ந்தது. குழந்தையை வரவேற்பறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மருத்துவர் ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். பின்யா பேசிக்கொண்டே இருந்தாள்.

"உங்க பொண்ணோட ரூம்தான் இப்ப குட்டிக்கு. ராத்திரி ஒரே இருமல். டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். அப்புறம் அந்த ரூம்ல தரை லேசா அமுங்குது. தொட்டில் பக்கம். பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்குமோ? இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்னுதான் கேக்கறேன்."

மார்கெத்தாவின் கையில் உமிழ்நீர் உறிஞ்சும் குழாய் இருந்தது. அது காற்றை உறிஞ்சிச் சீறிக்கொண்டேயிருந்தது. அவள் பதில் சொல்வதற்குள் மருத்துவர் வந்துவிட்டார். பின்யா வாயைத் திறந்தாள். அரை மணி நேரம் அந்தத் திறந்த வாயையும், நம்பிக்கையோடு மேலே பார்த்துக்கொண்டிருந்த கண்களையும் மார்கெத்தா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்ததும் சுற்றுவழியில் போகவில்லை. நேராகப் போய்ப் பழைய வீட்டு மணியை அடித்தாள்.

"குழந்தையை அந்த ரூம்லேருந்து எடுத்துடுங்க" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "தரைக்கு அடியில உத்தரம் உளுத்துப் போயிருக்கு. பூஞ்சை. எங்களுக்குத் தெரியும். விக்கும்போதே தெரியும்."

பாதி முகம் மரத்திருந்த பின்யாவுக்கு உடனே புரியவில்லை. பின்னால் வந்த ஓன்னிக்குப் புரிந்தது. அவன் மார்கெத்தாவைத் தள்ளாத குறையாகத் தாண்டி நிலவறைக்கு ஓடினான். பலகை பிளக்கும் சத்தம் வந்தது. அவன் மேலே வந்தபோது தலைமுடியெல்லாம் செம்பழுப்புத் தூள்.

"ஆப்பிள்னு சொன்னீங்க" என்றாள் பின்யா. "நான் கேட்டேன். நீங்க ஆப்பிள்னு சொன்னீங்க."

"ஆமா."

"வெளிய போங்க."

மார்கெத்தா போனாள். அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கிம்மோ சத்தம் போடவில்லை. "நம்ம மூணு பேரையும் ஒரே நாள்ல வித்துட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனான். அவர்கள் பேசியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட ஈரிஸ் வெளியே வந்தாள். "என் ரூமுக்குக் கீழயா? நானும் அங்கதானே தூங்கினேன்?" என்றாள்.

வழக்கு குளிர்காலம் முழுக்க இழுத்தது. கடைசியில் சமரசமானது: விலையில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் திருப்பித் தரவேண்டும். ஓன்னியும் பின்யாவும் வீட்டை இடித்துவிட்டு அவள் பெற்றோருடன் தங்கினார்கள். குழந்தையின் இருமல் வீடு மாறியதும் நின்றுவிட்டதாக வக்கீல் வழியாகத் தெரிந்தது. பின்யா அதன் பிறகு அந்தப் பல் மருத்துவமனைக்கு வரவேயில்லை.

வீடு விற்றதில் மிஞ்சியது வக்கீல் செலவுக்கே போய்விட்டது. ஆக, கடன் ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. விற்க இப்போது வீடு இல்லை.

ஏப்ரலில் கடன் ஆலோசகரின் அலுவலகத்துக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். கிம்மோ தம்பி வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தான். மெலிந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தானே தவிர அவளைப் பார்க்கவில்லை. ஆலோசகர் அறுபதை நெருங்கிய பெண்மணி, நிதானமாகப் பேசினார்.

"அஞ்சு வருஷத் திட்டம் கேட்டு மனு போடலாம். மாசம் எழுநூறு கட்டணும், மீதியைக் கோர்ட் தள்ளுபடி பண்ணலாம். மறைச்சு வித்ததனால மறுக்கவும் மறுக்கலாம். நீங்களாவே போய்ச் சொன்னீங்கங்கறது ஒண்ணுதான் உங்க பக்கம் இருக்கு. ஆனா ஒண்ணு. இந்தப் பட்டியல்ல ஒரே ஒரு கடன் விட்டுப்போயிருந்தாலும் எல்லாம் ரத்து. வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்றாள் மார்கெத்தா.

கிம்மோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வண்டிகளை நிறுத்துமிடத்தில் கடைசிப் பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது. அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். மார்கெத்தாவுக்கு அந்த அசைவு தெரியும். ஏதோ இன்னும் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த முறை அவனுக்காக அவள் சொல்லப் போவதில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஆலோசகரும் காத்திருந்தார்.

"ஒண்ணு இருக்கு" என்றான் கிம்மோ. "என் தம்பிகிட்ட. பதினோராயிரம். அவன் வீட்டை அடமானம் வச்சுக் கொடுத்தான். அவன் பொண்டாட்டிக்குத் தெரியாது."