மோகன்ராஜ் பேரில் ஒரு சிம்

“எம்புள்ள பேர வெச்சிகினு கம்பெனிய நாறடிச்சிகீறியே, உன்ன மாடில குடி வெச்சேன் பாரு, என்னச் சொல்லணும்டீ!”

“அண்ணன் பேர நான் எங்கயும் எழுதலம்மா. சத்தியமா எழுதல.”

“எழுதாமத்தான் போலீசு வாசல்ல வந்து நின்னுச்சா? அட்ரஸ் மாறி வர்றதுக்கு அவுங்க இன்னா கொரியர்காரங்களா?”

காமாட்சியம்மாள் தொண்டையைத் திறந்தால் ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் கேட்கும். நான் எதிர்வீடு. வேண்டுமென்று ஒட்டுக்கேட்கிற வழக்கம் எனக்கில்லை. துணி காயப்போட மாடிக்குப் போனேன். காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

எதிரில் தலையைக் குனிந்து நின்றவள் தங்கமாரி. கடையநல்லூர்ப் பக்கத்துப் பெண். காமாட்சியம்மாள் மாடியில் ஷீட் போட்டு இறக்கிய அறைகளில் ஒன்றில், அதே ஊர்ப் பக்கத்துப் பேச்சி என்ற பெண்ணோடு வாடகைக்கு இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். தங்கமாரி பேசினால் கதவு கிரீச்சிடுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். இந்தப் பெண்தான் பேர் போடாமல் கம்பெனிச் சங்கதிகளை எழுதுகிற ‘லைன் நிக்காது’ என்ற இணையப் பக்கத்தை நடத்தியவள் என்று தெரிந்தபோது, தெருவில் எல்லாவற்றையும் முதலில் தெரிந்துகொள்கிற எனக்கே அரைநாள் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தை ஆறு மாதமாக நானும்தான் படித்துக்கொண்டிருந்தேன்!

விவரம் இதுதான். போன வருஷம் சென்னையிலிருந்து சத்யப்பிரியா என்றொரு பெண் வந்தாள். சணல் பை, கிராப்புத் தலை. தண்டலத்தில் ஒரு ஹாலைப் பிடித்து, ‘இணையத்திலும் நமக்கு உரிமை உண்டு’ என்று பேனர் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள். சமோசா உண்டு என்றதால் நானும் ஒருநாள் போனேன். பேர் போடாதீங்க, முகம் காட்டாதீங்க, ஐடி கார்டு தெரியக் கூடாது, கம்பெனியில் கொடுத்த நம்பரில் கணக்கு ஆரம்பிக்காதீங்க என்றாள். நல்ல விஷயங்கள்தான். சமோசாதான் ஆறியிருந்தது.

தங்கமாரி சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. வேறு நம்பருக்கு எங்கே போவாள்? காமாட்சியம்மாளின் மகன், கீழ்வீட்டு மோகன்ராஜைக் கேட்டாள். அவன் ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனபோது, கோயில் ரோட்டில் குடை விரித்து சிம் விற்றவனிடம் கட்டைவிரலை வைத்துவிட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டை வாங்கி வந்திருந்தான். டிவிக்கு அடியில் சும்மா கிடந்ததை எடுத்து, “இந்தா தங்கச்சி” என்று நீட்டினான். அவனுக்கு அது பிரசாதம் மாதிரி. சிம் யார் பேரில் இருக்கிறது என்று கொடுத்தவனும் யோசிக்கவில்லை, வாங்கியவளும் யோசிக்கவில்லை, அத்தனை பாடம் நடத்திய சத்யப்பிரியாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் பேச்சி லைனிலேயே மயங்கி விழுந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டு, லைனை நிறுத்தாமல் ஓட்டினார்களாம். ஷிப்ட் முடிந்துதான் ஆஸ்பத்திரி. பேச்சியைக் கேட்டுக்கொண்டு, அவள் பேரைப் போடாமல் தங்கமாரி அதை எழுதினாள். ஒரே ராத்திரியில் ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் பரவியது. பொய்ச் செய்தி, வதந்தி என்று கம்பெனி புகார் கொடுத்தது. போலீஸ் நம்பரைத் தேடியது. நம்பர் மோகன்ராஜ் வீட்டைக் காட்டியது.

அவனைக் கூட்டிப்போய் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிம் தொலைந்துவிட்டது என்று அவன் ஒரே பாட்டைப் பாடினான். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் பையன் அவன்; அவனை யார் நம்புவார்கள்? ஆனாலும் தங்கமாரி பேரை மட்டும் சொல்லவில்லை. அவன் சூப்பர்வைசராக இருந்த கம்பெனி, விவகாரம் முடிகிறவரை வரவேண்டாம் என்றது. அவனுக்கு மணிமங்கலத்தில் மஹாலட்சுமி என்ற பெண்ணை நிச்சயம் பண்ணி, ஆவணியில் கல்யாணம். பெண்வீட்டார் போன் போட்டு, “கொஞ்சம் விசாரிச்சுட்டு சொல்றோங்க” என்றார்கள். எதைச் சொல்வார்கள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

அந்த போன் வந்த அன்றுதான் தங்கமாரி தானாகவே கீழே இறங்கி வந்து உண்மையைச் சொன்னாள். அதற்குத்தான் அத்தனை கூப்பாடு.

சாயங்காலம் சத்யப்பிரியா வந்துவிட்டாள். காமாட்சியம்மாளுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள்: “அம்மா, யார் எழுதினதுன்னு மோகன்ராஜ் சொல்லவேண்டிய கட்டாயமே இல்ல. நடந்ததைத்தான் எழுதியிருக்காங்க. பேர் சொல்லாம எழுதறதும் உரிமைதான். எங்க வக்கீல் இருக்காங்க, கோர்ட்டுக்குப் போகலாம். ஜெயிப்போம்.”

“எப்போ ஜெயிப்பீங்க?”

“சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் ஆகும்.”

“ஆவணிக்குள்ள ஜெயிப்பீங்களா?”

அந்தப் பெண் கெட்டிக்காரி. எல்லாவற்றுக்கும் சட்டப்பிரிவு வைத்திருப்பாள். ஆவணிக்கு அவளிடம் பிரிவு இல்லை.

ஸ்டேஷனில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். எழுதிய ஆள் நேரில் வந்து, பக்கத்தை அழித்து, ‘நான் போட்டது பொய்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் கம்பெனி புகாரை வாபஸ் வாங்கும். மோகன்ராஜும் தப்பித்தான்.

“மன்னிப்பு வேணா கேளு. பொய்னு மட்டும் எழுதாத தங்கமாரி,” என்று சத்யப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எழுதிட்டா பேச்சி மயங்கியே விழலன்னு ஆயிடும்.”

“அவ விழுந்தத நான் பாத்தம்லாக்கா.”

“நீ பாத்தது போதாதும்மா.”

“அந்த அண்ணன் எனக்காவ வாயத் தொறக்காம இருக்காவ. கல்யாணத்த நிப்பாட்டிட்டு நான் மேல போயி எப்படித் தூங்க?”

மோகன்ராஜ் வாசலிலிருந்து, “நீ போவாத. நான் பாத்துக்கிறேன்,” என்றான். “நீ மூட்றா!” என்றாள் காமாட்சியம்மாள். பேச்சி மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அவள் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் தங்கமாரி போய் எழுதிக் கொடுத்தாள். சத்யப்பிரியா கூடவே போய், வெளியே வேப்பமரத்தடியில் நின்றாளாம். திரும்பி வரும்போது ஒருத்தி முன் சீட்டிலும் ஒருத்தி பின் சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள் என்று ஷேர் ஆட்டோக்காரர் என்னிடம் சொன்னார். தங்கமாரிக்கு அன்றைக்கே கேட் அடைத்தாயிற்று. இந்தப் பக்கத்தில் வேறெந்தக் கம்பெனி வாசலிலும் அவளை உள்ளே விடவில்லை.

பேச்சிக்கு அதற்குப் பிறகும் தலைசுற்றல் நிற்கவில்லை. வைத்தியச் செலவைக் கேட்டு ஹெச்ஆர் ரூமுக்குப் போனாள். அங்கே தங்கமாரியின் கையெழுத்தையே ஜெராக்ஸ் எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். “பொய்யின்னு உங்க ரூம்மேட்டே எழுதிக் குடுத்திருக்காங்களே மேடம்,” என்றார்களாம். வந்தவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

ஆவணியில் மோகன்ராஜுக்கும் மஹாலட்சுமிக்கும் வல்லக்கோட்டையில் கல்யாணம் நடந்தது. வடைக்கு உப்பு பத்தவில்லை. பழைய வேலை கிடைக்காமல், இப்போது மாமனாரின் லோடு வண்டி ஓட்டுகிறான். சத்யப்பிரியா இன்னும் தண்டலத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். இளைத்துவிட்டாள், வகுப்பில் பாதி நாற்காலி காலி. தங்கமாரி திருப்பூருக்குப் போய்விட்டாள். பேச்சிக்கு தை மாதம் சங்கரன்கோவிலில் கல்யாணம். பூக்கடை வைத்திருக்கும் மாமன் மகன். மாடிப் பெண்கள் எல்லோரும் லீவு போட்டு வேன் பிடித்துப் போனார்கள். எனக்குக்கூடப் பத்திரிகை வந்தது. தங்கமாரிக்கு வைக்கவில்லை.