நாலாம் கட்டிலின் ஸ்பூன் சத்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நர்ஸை எல்லோரும் சோப்பு அக்கா என்றே கூப்பிட்டார்கள். நோயாளியைத் தொடும் முன் யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று குறிப்பது அவள் வேலை. அவள் தலை தெரிந்ததுமே டாக்டரிலிருந்து எக்ஸ்ரேக்காரர் வரை குழாயடியில் முண்டியடிப்பார்கள். நோட்டில் மாதாமாதம் தொண்ணூற்றெட்டு சதவீதம். ஆனால் வேறு நோயோடு வந்தவர்களுக்கு இங்கே புதிதாகக் காய்ச்சல் தொற்றுவது மட்டும் குறையவே இல்லை. எங்கோ உதைக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அந்த வாரம் நாலாம் கட்டில்காரர் வேறு எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தார். தொண்டையில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியாது. அழைப்பு மணி பழுது என்று கையில் ஒரு ஸ்பூன் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக் கட்டில் கம்பியில் 'டங் டங்' என்று அடித்துத் தள்ளினார். ஓடிப் போய்க் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டுவார்.

"மூளை குழம்பிடுச்சு போல. தூக்க ஊசி போட்டுடலாமா?" என்றார் இளைய டாக்டர்.

நாலாம் கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கே! முப்பது வருஷம் பஸ்ல டிக்கெட் பரிசோதகரா இருந்த மனுஷன். யாரோ தப்பு பண்றாங்க, இவர் பிடிக்கிறார். வீட்டுலயும் இதே ரோதனைதான்."

சோப்பு அக்காவுக்குப் பொறி தட்டியது. திரைக்குப் பின்னால் நின்று கவனித்தாள். எக்ஸ்ரேக்காரர் நேராக இரண்டாம் கட்டிலைத் தொட்டார்: டங். ஒரு நர்ஸ் கை கழுவிவிட்டு வந்தாள்: சத்தமில்லை. இன்னொருத்தி மூன்று நோயாளிகளுக்கு ஒரே ஆளாக, கழுவ நேரமில்லாமல் ஓடினாள்: டங், டங், டங்.

அப்போது பெரிய டாக்டர் பரிவாரத்தோடு நுழைந்து, நேரே நாலாம் கட்டிலுக்கே வந்து கையை நீட்டினார். ஸ்பூன் கம்பியைப் பிளந்தது.

"என்னவாம் இவருக்கு?"

பரிவாரம் மொத்தமும் விட்டத்தை ஆராய்ந்தது. சோப்பு அக்கா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். வேலை போனாலும் போகட்டும்.

"டிக்கெட் கேக்குறார், டாக்டர். நீங்க கை கழுவல."

பெரிய டாக்டரின் காது சிவந்தது. கைக்குத் தேய்க்கும் மருந்துப் புட்டியைத் தேடினார். அது கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அழுத்தினார், காற்றுதான் வந்தது. குழாயடிக்குப் போனார். அங்கே கழித்துக்கட்ட வேண்டிய பழைய இயந்திரம் ஒன்று வழியை அடைத்து நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார். சோப்பு இல்லை.

"இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டீங்களா?"

"ஆறு மாசத்துல பதினோரு கடிதம் எழுதியிருக்கேன், டாக்டர்."

அன்று மத்தியானத்துக்குள் பழைய இயந்திரம் போயிற்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு புட்டி வந்தது. ஆள் பற்றாக்குறைக்கு மட்டும், "பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

சோப்பு அக்கா நாலாம் கட்டில்காரருக்கு ஒரு பலகையும் பேனாவும் கொடுத்தாள். மனிதர் ஆளுக்கொரு வரி போட்டு, கழுவினால் புள்ளி, கழுவாவிட்டால் கோடு என்று இழுத்துத் தள்ளினார். அதைக் கூட்டி அவள் அறிக்கை எழுதினாள்.

பெரிய டாக்டர் பார்த்துத் திடுக்கிட்டார். "போன மாசம் தொண்ணூத்தெட்டு. இவ்வளவு செஞ்சும் நாப்பத்தி மூணா குறைஞ்சிருச்சே?"

"குறையல டாக்டர். அது பொய், இது நெஜம்."

அவர் பலகையை வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் 'பெரிய டாக்டர்', எதிரே ஏழு கோடு. அடியில் 'சோப்பு அக்கா', மூன்று கோடு.

"நீயுமா?"

"அழிச்சிடலாம்னுதான் பார்த்தேன். மனுஷன் பலகையை விட மாட்டேன்னுட்டார்."

பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரித்தபடியே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.