சுவரில் சிரித்த வீரத்தாய்

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் செல்லூர் கடைவீதிச் சுவரில் அன்னக்கொடியின் முகம் ஏறிவிட்டது. பட்டாளத்துக்காரன் ஒருவன் குனிந்து நிற்கிறான். நரைத்த தலைக்காரி ஒருத்தி சிரித்த முகமாக அவன் நெற்றியில் திலகம் வைக்கிறாள். கீழே சிவப்பெழுத்தில், 'நாட்டுக்குத் தந்தேன் என் மகனை.' யுத்த நிதிக் கமிட்டிக்காக அதை வரைந்தவர் பக்கத்துத் தெரு பெயிண்டர் சுலைமான். பட்டாளத்தான் தாய் என்று அவருக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து குழாயடியில் அவளுக்குத்தான் முதல் குடம். கூலிக்கு நூல் தார் சுற்றப் போனால் தறி முதலாளியே எழுந்து கும்பிட்டார். அவளுக்கோ சோறு இறங்கவில்லை. மகன் முத்திருளன் எந்த எல்லையில் நிற்கிறான் என்றே தெரியாது. டீக்கடை ரேடியோவில் செய்தி தொடங்கினால் ஓடுவாள். கேட்கப் பயந்து பாதியில் திரும்புவாள். மனசு கேட்காமல் மறுபடி ஓடுவாள். வழியில் அந்தச் சுவர். அதிலிருந்த பொம்பளை மட்டும் கவலையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் சுலைமானிடம் போனாள்.

"பாய், என் மூஞ்சிய அழிச்சிருங்க."

"ஏங்க்கா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"அவன் கெளம்புன அன்னைக்கு நான் பொட்டு வைக்கல பாய். வாசப்படியில குறுக்க படுத்துக்கிட்டேன். என்னையத் தாண்டித்தான் போனான்."

சுலைமான் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கமிட்டி சொல்லாம கை வைக்க முடியாதுக்கா. இந்த நேரத்துல, அதுவும் நான் அழிச்சா, வேற மாதிரிப் பேசுவாங்க."

அவளுக்குப் புரிந்தது. திரும்பி நடந்தாள்.

அந்த வாரமே கமிட்டித் தலைவர் கண்ணுச்சாமி வீடு தேடி வந்தார். "நிதிக் கூட்டத்து மேடையில ஒரே வார்த்தை பேசு தாயி. இன்னொரு மகன் இருந்தா அவனையும் அனுப்புவேன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாலை போட்டு மைக் முன்னால் நிறுத்தினார்கள். எதிரே தெருவடைத்து ஜனம்.

"நான் அனுப்பல," என்றாள். "போகாதேன்னுதான் அழுதேன். இன்னொரு மகன் இருந்தா வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிருப்பேன். நாடு நல்லா இருக்கட்டும். எம்புள்ளையும் வரணும்."

கண்ணுச்சாமி மைக்கைப் பிடுங்கினார். "எறங்குடி கீழ!" என்று ஒருவன் கத்தினான். பொம்பளைகள் பக்கம் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது.

மறுநாளே கமிட்டி முகத்தை மாற்றச் சொல்லிவிட்டது. ஏணியில் நின்று புது முகம் வரைந்த சுலைமான், அந்த வழியாக வந்தவளிடம், "இது யாரு மொகமும் இல்லக்கா," என்றார்.

"அதுதான் பாய் நல்லது."

குழாயடியில் அவள் குடம் கடைசிக்குப் போனது. தறி முதலாளி எழவில்லை. அதெல்லாம் அவளை உறுத்தவில்லை. சண்டை முடிந்து செல்லூரே வெடி போட்டபோதும், மகனைப் பற்றித் தகவல் இல்லாமல் வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் முத்திருளன் வந்து நின்றான். குண்டுச் சத்தத்தில் இடது காது போயிருந்தது. மேடைப் பேச்சை வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மேடையேறி என் மானத்த வாங்கிட்டியாமே?"

"ஆமா. சாப்பிடு."

தலை குனிந்து சாப்பிட்டான். பாதியில் கை நின்றது.

"எனக்கும் அங்க பயமாத்தாம்மா இருந்துச்சு."

அவள் ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. எழுந்து அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"இருக்கும்யா," என்றாள். "இருக்காதா பின்ன?"