மூக்கம்மாவின் கொத்தமல்லி

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மருத்துவமனைக் கேன்டீனின் முதலாளியம்மா வைத்தது. மூக்கம்மா வேலைக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பின்னாடி அடுப்புல வெங்காயம் அடிப்பிடிக்குது, யாருடா அங்க?" என்று குரல் கொடுப்பாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும். உப்பைக்கூட மோந்தே சொல்லிவிடுவாள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகைதான். ஆனால் தலைமைச் சமையல்காரி என்ற இடம் அந்த மூக்கால் கிடைத்தது, அதில் மிகை இல்லை.

அந்த மூக்கை ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. உடம்பு தேறியது, மூக்கு தேறவில்லை. சோப்பும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றாகிப்போயின. ஒருநாள் அவள் கரண்டியும் கையுமாக நிற்கும்போதே ஒரு பெரிய பாத்திரம் பருப்பு அடியோடு கருகியது. அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த முதலாளியம்மா எழுந்து ஓடிவந்தாள்.

"மூக்கம்மா, நீ வீட்டுக்குப் போ. மூக்கு வந்ததும் வா. அதுவரைக்கும் ஒருத்தரை வச்சுச் சமாளிக்கிறேன். உன் இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

டாக்டர் வைத்தியம் ஒன்று சொன்னார். தெரிந்த வாசனைகளைத் தினமும் காலையில் கசக்கி மோந்து பார்க்க வேண்டும், இது இன்னது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். "மெதுவா திரும்பும். ஆனா சிலருக்குக் கோணலா திரும்பும்மா. காப்பி குடிச்சா ரப்பர் எரியற மாதிரி இருக்கும். அப்படியே நின்னுட்டவங்களும் இருக்காங்க" என்றும் சொல்லிவைத்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது மாடி வீட்டின் பால்கனி அவளுக்கு வைத்தியசாலை ஆனது. பெயின்ட் வாளியில் புதினா. அதைத் தனியாகத்தான் வைத்தாள், யாரோடு சேர்த்து வைத்தாலும் அடுத்தவரைத் தள்ளிவிட்டு அதுவே இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சாதி அது. கைப்பிடி உடைந்த கெட்டிலில் ஓமவல்லி. ஐஸ்கிரீம் டப்பாவில் வெங்காயத்தாள். அகலமான எண்ணெய்த் தகரத்தில் கொத்தமல்லி. தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, செம்மண் நிரப்பி, தனியாவைப் பூரிக்கட்டையால் உருட்டி இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைத்தாள். கொத்தமல்லியைப் பிடுங்கி நடக்கூடாது, வேர் கோபித்துக்கொள்ளும். விழுந்த இடத்திலேயே முளைத்து, முளைத்த இடத்திலேயே வளர வேண்டும். முதல் தடவை வெயில் தாங்காமல் பிஞ்சிலேயே பூ விட்டுத் தொலைந்தது. மறுபடி விதைத்து நிழலுக்கு நகர்த்தினாள்.

புதினாதான் முதலில் வந்தது. ஒரு காலையில் மூக்குக்குள் சில்லென்று ஏதோ கீறியது, பின்னாலேயே வாசம். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் பல் துலக்கிக்கொண்டே ஆடினான். அப்புறம் ஓமவல்லி, அப்புறம் வெங்காயத்தாள். பாக்கி கொத்தமல்லிதான். "அது வந்துட்டா அன்னைக்கே முதலாளியம்மாவுக்குப் போன் போட்டுடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

புருஷனைப் பற்றியும் சொல்லவேண்டும். லிஃப்ட் மெக்கானிக். குடி கிடையாது, கோபம் கிடையாது, கைநீட்டல் கிடையாது. சண்டை என்றால் மட்டும் ஆளுக்கு உதறல் எடுத்துவிடும். வீட்டில் எதை உடைத்தாலும் உடைத்ததைச் சொல்லமாட்டான். கடை கடையாக அலைந்து அதே மாதிரி ஒன்றை வாங்கி, அதே இடத்தில் வைத்து, அப்பாவியாகப் பேப்பர் படிப்பான். மகள் சின்னவளாக இருந்தபோது வளர்த்த தங்கமீன் வருடக்கணக்கில் சாகவே இல்லை. செத்த மீனை அவன் மாற்றிக்கொண்டே இருந்தான். மகள் ஹாஸ்டலுக்குப் போனபின் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மூக்கம்மா வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். நன்றாகச் சிரித்தாள் போங்கள்.

தங்கைக்கு ஆபரேஷன் என்று அவள் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாள். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் பால்கனிக்குத்தான் ஓடினாள். கொத்தமல்லி தளதளவென்று நின்றது. இலை கொஞ்சம் தடித்து, கரும்பச்சையாக இருந்தது. புருஷனிடம் மோர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், அதன் வேலையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாள்.

வாசம் வந்தது. ஆனால் கொத்தமல்லி வாசம் இல்லை. பச்சைக் கேரட்டின் தழையைக் கிள்ளினாற்போல ஒன்று. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

"ஏங்க, இதை மோந்து பாருங்க. எப்படி இருக்கு?"

அவன் மோந்து பார்த்தான். "கொத்தமல்லி மாதிரிதான். கும்முனு அடிக்குதே!"

"எனக்கு அப்படி இல்லையே."

"டாக்டர்தான் சொன்னாரே, கோணலா வரும்னு. விடும்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

அவ்வளவுதான், அவளுக்கு உயிரே போனது. புதினாவும் ஓமவல்லியும் சரியாக வந்ததுகூட இப்போது சந்தேகமாகிவிட்டது. மூக்கு திரும்பி என்ன, கோணலாகத் திரும்பி நின்றுவிட்டதே! நோயாளிகள் சாப்பிடும் இடத்தில் கோணல் மூக்கை வைத்துக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. தானே போன் போட்டாள். "எனக்காகக் காத்திருக்காதீங்கம்மா. இப்ப சமைக்கிற மாஸ்டரையே வச்சுக்குங்க" என்றாள். முதலாளியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இவள் பிடிவாதமாகப் போனை வைத்துவிட்டாள்.

கோபம் வந்தால் மூக்கம்மா பாத்திரம் தேய்ப்பாள். அன்று முதல் வீட்டில் தேய்க்கப் பாத்திரமே மிச்சமில்லாமல் போனது. இரண்டு வாரம் அப்படி ஓடியது. ஒருநாள் மத்தியானம் தேய்க்க ஒன்றும் கிடைக்காமல் பால்கனிக்குப் போனாள். அந்தக் கொத்தமல்லி அவளைப் பார்த்து நக்கலாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. "உனக்கு என்ன கேடு? உன்னை விதைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்று கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

செடி வந்தது. கூடவே, டப்பாவில் வார்த்தெடுத்ததுபோல, சதுரமாக ஒரு மண்கட்டியும் வந்தது. கறுப்பு மண். தேங்காய்நார் கலந்த நர்சரி மண். அவள் நிரப்பியது செம்மண்.

அடுத்த கொத்தை இழுத்தாள். அதற்கும் கறுப்புக் கட்டி. அவள் தனியா தூவி விதைத்தவள். தூவிய விதைக்கு ஏது சதுரக் கட்டி?

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கசக்கினாள், மோந்தாள். அதே கேரட்டுத் தழை வாசம். காய்கறிக் கடையில் கொத்தமல்லிக்குப் பக்கத்திலேயே கிடக்குமே, அவசரத்தில் ஒருமுறை ஏமாந்து வாங்கிவந்தாளே, அதேதான். பார்ஸ்லி, பார்க்கக் கொத்தமல்லி மாதிரியே இருக்கும் சீமைத் தழை. மூக்கு முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவள்தான் நம்பவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்தவன், கூடத்து நடுவில் தகரத்தையும் பக்கத்தில் பிடுங்கிப் போட்ட செடிகளையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

"என் கொத்தமல்லி எங்க?"

"அது... பூச்சி..."

"பொய் சொன்னீங்க, இந்தத் தகரம் உங்க தலையில இருக்கும்."

"பால்கனி கழுவினேன்மா. ப்ளீச்சிங் தண்ணி மிச்சமிருந்துச்சு. வெறும் தண்ணின்னு நினைச்சு ஊத்திட்டேன். மறுநாளே படுத்துடுச்சு. நீ தங்கச்சியோட ஆஸ்பத்திரியில இருந்த, எதுக்கு வருத்தப்படுத்தணும்னு... நர்சரியில பார்த்தேன், அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சு."

"மோந்து பார்த்தீங்களா வாங்கும்போது?"

"செடியை யாரு மோந்து பார்த்து வாங்குவா?"

"நான் மோந்து பாருங்கன்னு நீட்டினப்ப? கும்முனு அடிக்குதுன்னு சொன்னது யாரு?"

"சண்டை வேணாம்னுதான்..."

"சண்டை வேணாமா? ரெண்டு வாரமா நான் அழுதது சண்டையைவிட நல்லா இருந்துச்சா உங்களுக்கு? நான் போனை எடுத்து என் வேலையை வேணாம்னு சொன்னப்ப பக்கத்துலதானே இருந்தீங்க! இது நான் மாத்தி வச்ச செடின்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையே! நான் என்ன உங்க பொண்ணோட தங்கமீனா?"

அவன் தலை குனிந்துகொண்டான். "அது வேற செடின்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்று முனகினான். அது உண்மைதான். அந்த உண்மைதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அவனையும் இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். "நீங்களே சொல்லுங்க, உங்க வாயால." அவன் முதலாளியம்மா முன்னால் நின்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். மூக்கம்மா கேட்டுக்கொண்டே பின்பக்கம் திரும்பினாள். "உள்ள யாரோ பூண்டைக் கருக்குறாங்க."

உள்ளே ஒரு பாத்திரம் அவசரமாக இறங்கும் சத்தம் கேட்டது.

முதலாளியம்மாவின் கண் கலங்கிவிட்டது. "அடிப்பாவி, போன வாரம்தாண்டி மாஸ்டரை நிரந்தரமாக்கினேன். வேற இடத்து வேலையை விட்டுட்டு வந்திருக்கார். நீயே வேணாம்னு சொன்னப்புறம் நான் என்ன பண்ணுவேன்? திங்கக்கிழமை வா. ஆனா அவருக்குக் கீழதான்."

தான் கட்டி எழுப்பிய அடுக்களையில் இன்னொருவருக்கு வெங்காயம் அரிய வேண்டும். "வர்றேம்மா" என்றாள். வேறென்ன சொல்ல?

வீடு வந்தார்கள். அவன் கதவைத் திறந்துவிட்டான், மின்விசிறியைப் போட்டான், அடுக்களைக்குப் போய்த் தானே டீ போட்டான். அவளுக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டேன் என்று சொல்லி நீட்டினான்.

அவள் டம்ளரை வாங்கினாள். மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக மோந்து பார்த்தாள். இஞ்சிதான். அதன் பிறகே குடித்தாள். அவன் எதைக் கொடுத்தாலும் இனி அப்படித்தான்.