மைக்கை அணைத்துவிட்டு

காலை ஆறரைக்குத் தற்காப்பு வகுப்பு. போன் திரையில் நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெண், கொண்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் நிற்பாள். மேல் கட்டத்தில் பயிற்சியாளர்.

"எல்லாரும் மைக்க ஆஃப் பண்ணிக்கோங்க. மணிக்கட்ட அவன் கட்டைவிரல் பக்கம் திருப்பணும். முழங்கைய மடக்கி வெடுக்குன்னு இழுக்கணும். கூடவே 'விடுடா'ன்னு கத்தணும். கத்துறதுதான் பாதி அடி!"

அந்த நாற்பதில் ஒருத்தியான இவள் கத்துவதில்லை, வாயை மட்டும் திறந்து மூடுவாள். வீடு ஒரே அறை. ராத்திரிக் காவல் முடித்து வந்த அப்பா அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். கையைப் பிடித்துக்கொள்ள ஆள், அம்மா.

"கையப் பிடிச்சு இழுக்குறதுன்னா வேற அர்த்தம்டி," என்று அம்மா கிசுகிசுத்தாள். "எவனாச்சும் இழுத்தானா?"

"உடம்பு இளைக்கம்மா."

"இளைக்க உங்கிட்ட என்னடி இருக்கு? எலும்பையா?"

இழுத்தவன் இருந்தான். மருந்துக் கிடங்கில் அவளுக்கு மேலே இருந்தவன், ஸ்டோர் சார். இரண்டு தடவை ஆகிவிட்டது. வீட்டில் சொன்னால் அம்மா அழுவாள், அப்பா ஒரே பேச்சில் முடிப்பார்: வேலைக்குப் போனது போதும். அடுத்த வாரமே பெண் பார்க்க யாராவது வந்து உட்காருவார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலை வைத்த முதல் ஆள் அவள். மூன்று வருஷம் படித்து வாங்கிய பட்டத்துக்குக் கிடைத்தது இந்த ஒரு வேலை. அதையும் ஒரு பொறுக்கிக்காக விடுவதா? முப்பத்துநாலு நாளாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

தடுப்பூசி வைக்கும் குளிர் அறைக்குள் போய் வெப்பநிலை குறிப்பதும் பேட்ச் எண் சரிபார்ப்பதும் அவள் வேலை. அன்று கதவு மூடிக்கொள்ளாமல் ஓர் அட்டைப்பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். பத்தடி தள்ளி, பெட்டி ஒட்டும் டேப் அக்கா. ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"கை ஐஸா இருக்கே, சூடு பண்ணவா?" பின்னாலேயே வந்தவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

கட்டைவிரல் பக்கம் திருப்பினாள், மடக்கினாள், இழுத்தாள். கை வந்துவிட்டது! அவன் ஓர் அடி பின்வாங்கினான். முகம் வெளுத்துக் கதவைப் பார்த்தான்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடித் திறந்தாள். ஒவ்வொரு காலையும் எப்படிச் செய்தாளோ அச்சு அசலாக அப்படியே. தொண்டை, பழகியதைத்தான் செய்தது.

அவன் ஒரு நொடி பார்த்தான். சிரித்தான். பிறகு அவன் கத்தினான்.

"ஐயோ, கை நீட்டுறா! யாராச்சும் வாங்க!"

எல்லாரும் வந்தார்கள்.

மேனேஜர் அறையில் மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அவர் பிடிச்சார்னு சொல்றே. சரி. நீ ஏம்மா கத்தல?"

நாற்பது பேர் சேர்ந்து கத்தினாலும் யாருக்கும் கேட்காத வகுப்பில் படித்தேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? வெளியே வந்து டேப் அக்காவிடம் கெஞ்சினாள்.

"அக்கா, அவன் எப்படின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாமலா? எங்கிட்டயும் வாலாட்டிப் பார்த்தவன்தான்."

"அப்ப உள்ள வந்து சொல்லுக்கா."

"உன் சத்தம் கேட்டிருந்தா கட்டாயம் சொல்லியிருப்பேன்டி. எனக்குக் கேட்டது அவன் சத்தம்தானே?" டேப்பைச் சர்ரென்று இழுத்துப் பல்லால் கடித்தாள். "புருஷன் இல்லாதவ நான். என்னை விட்டுடு."

இவள் மேனேஜர் அறைக்குத் திரும்பிப் போய்க் கடிதத்தைக் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கத்தில் எழுதினாள்: 'ஸ்டோர் சார் என் கையைப் பிடித்தார். இது மூன்றாவது முறை. நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். மேனேஜர் அதைப் படிக்காமலே மடித்தார்.

மறுநாள் காலை கேட்டில் அவள் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி பட்டியலை இரண்டு தடவை புரட்டினார்.

"உன் பேரை எடுத்துட்டாங்கம்மா. வீட்டுக்குப் போயிடு."

மணி எட்டுகூட ஆகவில்லை. அவள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவாள் என்பது வீட்டுக்குத் தெரியும். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போனாலும் ஏன் என்று கேட்பார்கள். இன்று மட்டுமா? நாளை? நாளன்றைக்கு?

சாப்பாட்டுப் பையோடு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். கடைசி நிறுத்தம் வரை போனாள். அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மூன்றாவது தடவை கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கதாம்மா இறங்கணும் உனக்கு?"

"தெரியலண்ணே," என்றாள். "ஆறு மணிக்கு இறக்கி விடுங்க."