மாடியில் ஒரு ஹாக்கி, ரிங்கில் ஒரு ஹாக்கி

"ஹாக்கியா? நீயா?"

"ஏன், நான் ஆடக் கூடாதா?"

"எந்தக் கால வச்சுக்கிட்டு ஆடப் போற? பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாலே வலிக்குதுன்னு சொல்றியே, அந்தக் கால வச்சா?"

"நடந்தாத்தான் வலிக்குது. இதுல நடக்க வேண்டாம், உருளணும். சக்கரம் இருக்கு."

"சக்கரம் கட்டினா அது ஹாக்கி இல்ல மோனி. சர்க்கஸ்."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. இந்த மூன்று மாதத்தில் மோனிகா இதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். சர்க்கஸ் என்று அவர் சொன்னதும் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "அப்ப ஹாக்கின்னா என்னன்னு நீங்கதான் சொல்லுங்களேன்" என்று சொல்லித் தொலைத்தாள்.

அவள் கணவர் வின்சென்ட் டிவியை அணைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேல் சூட்கேஸ்களுக்குப் பின்னால் கிடந்த தன் பழைய ஹாக்கி ஸ்டிக்கை எடுத்து, லுங்கியிலேயே தூசியைத் துடைத்தார்.

"வா மாடிக்கு" என்றார்.

அன்று கறி அடிப்பிடித்துவிட்டது.

வின்சென்ட் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மேலே செம்மண் மைதானத்தில் ஹாக்கி ஆடியே வளர்ந்தவர். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரு மேட்சில் வலது முட்டியின் சவ்வு கிழிந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. ஸ்டோர்ஸ் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஸ்டிக்கோடு சேர்த்துப் பேச்சையும் பீரோ மேல் தூக்கிப் போட்டவர்போல் ஆகிவிட்டார் மனிதர்.

குழந்தை இல்லாத வீடு. சாயங்காலம் வருவார், டீ குடிப்பார், பேப்பரை மடிப்பார், டிவியைப் போடுவார். "மழை வருமா?" என்று மோனிகா கேட்டால் "வரும்போல" என்பார். பதினொரு வருடம் இப்படி. அரை மணி நேரம், அரையே அரை மணி நேரம், டிவி இல்லாமல் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவள் நினைக்காத மாதம் இல்லை. ஆனால் அதைப் போய் ஒரு பெண்டாட்டி மனு போட்டா கேட்பது? கேட்டு, அவர் கடமைக்கு வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தால்? கேட்காமலே இருந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவர் இப்போது தினமும் ஆறு மணிக்கு, டீ டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "என்ன, வரலையா?" என்று மாடிப்படியில் நின்றார். மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் கோல். துணி காயும் கம்பிகளுக்கு அடியில் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.

"இடது கை மேல. வலது கை கீழ. தட்டையான பக்கம் மட்டும்தான் பந்தைத் தொடணும். பின்பக்கம் பட்டா ஃபவுல்."

"சரிங்க."

"குனி. இன்னும் குனி. முதுகு வளையணும். என்ன, கோவில் தேர் மாதிரி நிக்கற?"

"சரிங்க."

"நிக்கணும்னா கால ஊனி நில்லு. சறுக்கிட்டே போகாத."

கீழ் வீட்டு அன்னம்மாள், வீட்டுக்காரம்மாள், ஜன்னல் வழியாகக் கத்துவாள்: "ஏம்மா மோனிகா, மேல மாவு இடிக்கிறீங்களா?"

"ஹாக்கி ஆன்ட்டி" என்று குரல் கொடுப்பார் வின்சென்ட், பெருமையாக.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கஷ்டம் மறுநாள் காலை ஆறரைக்கு ஆரம்பிக்கும்.

காக்ஸ் டவுன் பக்கம் இருந்த ஸ்கேட்டிங் ரிங்கில் பெரியவர்களுக்கென்று காலையில் ஒரு பேட்ச். அதில் கால் தேறியவர்களுக்கு ஹாக்கி. கோச் லாவண்யாவுக்கு இருபத்திரண்டு வயது. மல்லேஸ்வரத்துப் பெண், தமிழில் பாதி கன்னடம் பேசுவாள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருந்த இடைவெளியில், அக்கா வயது, அம்மா வயதுப் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, சும்னே குனியாதீங்க. முட்டிய மடக்குங்க. முதுகை இல்ல, முட்டிய. முதுகை வளைச்சா மூக்குதான் முதல்ல தரைக்குப் போகும்."

ஒவ்வொரு காலடியிலும் ஒரே வரிசையில் நான்கு சக்கரம். அதன் மேல் நிற்பதே பெரிய காரியம். வளைவில் ஒரு காலை இன்னொரு காலுக்கு மேல் எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். நிற்க வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பி, இரண்டு காலையும் பக்கவாட்டில் தரையில் தேய்க்க வேண்டும். ஊனி நிற்பது என்ற பேச்சே கிடையாது. சக்கரத்துக்கு அது தெரியாது.

ஸ்டிக் விஷயம் அதைவிடக் கொடுமை. இங்கே பந்துக்குப் பதிலாக வடை அளவில் தட்டையாக ஒரு பிளாஸ்டிக் வில்லை. பக் என்பார்கள். அதை ஸ்டிக்கின் இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம். மோனிகா ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பி, தட்டைப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பாள். அதற்குள் பேங்க் ஆபீசர் உஷா வந்து பக்கைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

"எதுக்கு ஆன்ட்டி அதைத் தோசை மாதிரி திருப்பிக்கிட்டே இருக்கீங்க?" என்று லாவண்யா தலையில் கை வைத்துக்கொள்வாள்.

ஜூன் மாதம் ஒரு நாள் லாவண்யா அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க எந்தக் கையில எழுதுவீங்க?"

"இடது."

"சாப்பிட மட்டும் வலதா?"

"அடிச்சு மாத்துனாங்க."

லாவண்யா பேசாமல் உள்ளே போய் வேறொரு ஸ்டிக்கைக் கொண்டுவந்தாள். அதன் வளைவு மறுபக்கம் திரும்பியிருந்தது. "இது இடது கைக்காரங்க ஸ்டிக். இடது கைய கீழ கொண்டாங்க."

மோனிகாவுக்கு அது வேறு உடம்பு கிடைத்ததுபோல் இருந்தது. பக் சொன்ன பேச்சைக் கேட்டது. பத்து நிமிடத்தில் உஷாவிடமிருந்து மூன்று தடவை பறித்தாள். "அய்யோ, இவங்களுக்கு என்ன குடுத்த லாவண்யா?" என்று உஷா சலித்துக்கொண்டாள்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். அன்று ஆபீஸில் டீ குடிக்கும்போது புதிதாக ஒன்று தோன்றியதாம், ஒரு பேப்பரில் அம்புக்குறி எல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஃபீல்டு ஹாக்கியில இடது கை ஸ்டிக்கே கிடையாதாங்க?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள்.

"உலகத்துலயே கிடையாது. இடது கைக்காரனும் வலதாத்தான் ஆடணும். என்கூட ஆடின ஆரோக்கியசாமி இடது கைதான். பழகிட்டான். நீயும் பழகிடுவ."

அவள் இடது கையை மேலே வைத்து, வலது கையைக் கீழே வைத்து, முதுகை வளைத்தாள்.

அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு. காலையில் ஒன்றைக் கற்பது, சாயங்காலம் அதைக் கலைப்பது, மறுநாள் காலை கலைந்ததை மறுபடி கட்டுவது. செவ்வாய்க்கிழமை பாடம் புதன்கிழமை காலையில் இருக்காது. லாவண்யாவுக்குப் புரியவே இல்லை.

"ஆன்ட்டி, நேத்து வெளுத்து வாங்கினீங்க. இன்னிக்கு முதல் நாள் வந்தவங்க மாதிரி இருக்கீங்க. ராத்திரி யாராவது உங்க கைய கழட்டி மாத்தி மாட்டறாங்களா?"

உண்மையைச் சொன்னாள். வேறு வழி இல்லை. லாவண்யா சிரிக்கவில்லை. "சனிக்கிழமை செலக்‌ஷன். ரிங்கோட ஆண்டு விழா மேட்ச்ல ஆடப் போறது நாலு பேரு, ஒரு கோல்கீப்பர். உங்களுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். ஆனா அங்கிள்கிட்ட நிறுத்தச் சொல்லுங்க ஆன்ட்டி. இல்லன்னா நான் வேற ஆளப் போடணும்."

நிறுத்தச் சொல்லுங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். மோனிகாவுக்கு அந்த நான்கு பேரில் ஒருத்தியாக நிற்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பதை வெளியே சொன்னால் முப்பத்தாறு வயதுக்கு இது தேவையா என்பார்கள். அந்த ஆசைக்காக ஆறு மணியை விட்டுக்கொடுக்க வேண்டுமா? அவர் மறுபடி பேப்பரை மடித்து, டிவியைப் போட்டு, "வரும்போல" என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? ஸ்டிக்கை விட்டால் அவரோடு பேச அவளிடம் வேறு என்ன இருந்தது?

புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் வாயைத் திறந்தாள். மூன்று நாளும் "சரிங்க" என்றுதான் வந்தது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

சனிக்கிழமை வின்சென்ட்டுக்கு லீவு. செலக்‌ஷன் என்று அவளாகத்தான் உளறியிருந்தாள். வரச் சொல்லவில்லை. அவரே பஸ் பிடித்து வந்துவிட்டார். ஆட்டம் பாதியில் இருந்தபோது தற்செயலாகத் திரும்பினாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், இஸ்திரி போட்ட சட்டையில், வலது காலைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பார்த்தும் என்ன செய்வது? பக் அவள் ஸ்டிக்கில் இருந்தது. உஷா எதிரே வந்துகொண்டிருந்தாள். மோனிகா இடது கையைக் கீழே அழுத்தி, வளைவில் கால் மாற்றித் திரும்பி, உஷாவைத் தாண்டி, ஸ்டிக்கின் பின்பக்கத்தால் ஒரே தட்டு. பக் கோலுக்குள் போய் வலையில் மாட்டிக்கொண்டது.

"ஃபவுல்" என்றது வேலிப் பக்கத்துக் குரல். "பேக் ஸ்டிக். அம்பயர், ஃபவுல்."

தங்கவயல் மைதானத்துக்குப் பழகிய குரல். ரிங்கே நின்றுவிட்டது. மோனிகாவும் நிற்கப் பார்த்தாள். மூன்று மாதமாக மாடியில் கேட்ட குரல் என்பதால் உடம்பு மாடிப் பாடத்தையே செய்தது. வலது காலை ஊனினாள். சக்கரம் ஊனுமா? நல்ல சத்தத்தோடு விழுந்தாள்.

"யார் ஆன்ட்டி அது?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் தரையிலிருந்தே.

உஷா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். லாவண்யா வழுக்கிக்கொண்டே வேலி வரை போனாள். "அங்கிள், இதுல ரெண்டு பக்கத்தாலயும் அடிக்கலாம். அது கோல்."

"அவ கை மாத்திப் பிடிச்சிருக்கா."

"அவங்க இடது கை அங்கிள். அது இடது கை ஸ்டிக். அதுலதான் அவங்க நல்லா ஆடறாங்க." லாவண்யா கொஞ்சம் தயங்கினாள். பிறகு வயதுக்கே உரிய அவசரத்தில் சொல்லிவிட்டாள். "நீங்க சொல்லிக் குடுக்கறதுதான் அங்கிள் அவங்களைக் கெடுக்குது."

வின்சென்ட் வேலிக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். மோனிகா எழுந்து, முட்டிக்காப்பைச் சரிசெய்துகொள்வதுபோல் குனிந்துகொண்டாள். அவர் முகத்தை அப்போது பார்க்க அவளால் முடியவில்லை.

நால்வரில் அவள் பெயர் இரண்டாவதாக வந்தது. உஷா கட்டிப்பிடித்தாள். சந்தோஷப்படக்கூட நேரமில்லை. அவர் வெளியே அவளுடைய ஸ்கூட்டி பக்கத்தில் நின்றிருந்தார்.

அவள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். மடக்க முடியாத காலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டார். கடைத்தெருவைத் தாண்டினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோக்களுக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

"செலக்ட் ஆயிட்டியா?" என்றார், முதுகுப் பக்கத்திலிருந்து.

"ஆயிட்டேன்."

"நல்லா ஆடின. பின்பக்கத்தால அடிச்சதுன்னாலும் நல்ல அடி."

"உம்."

"ஸ்டிக்க எடுத்து பீரோ மேலயே போட்டுடறேன். மாடிக்கு இனி வேண்டாம்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "எனக்கும் சாயங்காலம் நியூஸ் பார்க்க முடியறதில்ல."

"ஆமா, நியூஸ்தான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

"பின்ன? எப்ப உனக்கு அந்த ஸ்டிக் குடுத்தாங்க?"

"ஜூன்ல."

"ஜூன்லயே தெரியும். நான் சொல்றது தப்புன்னு தெரியும். கால ஊனுன்னு சொன்னா சரிங்கற, குனின்னு சொன்னா சரிங்கற. எதுக்கு? பாவம், நொண்டி ஏதோ பேசிட்டுப் போறான்னா?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது? உன் கையக் கெடுத்துக்கிட்டு, விழுந்து முட்டிய உடைச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு, எதுக்கு தினமும் மாடிக்கு வந்த?"

பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ரயில் இன்னும் வரவில்லை. மோனிகாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதிமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இந்த மனிதருக்கு இதைக்கூட வாய்விட்டுச் சொன்னால்தான் புரியுமா? ஆனால் இத்தனை நாளும் அவளும்தான் சொல்லவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதி உடம்பைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க ஹாக்கிக்காக நான் வரல. நீங்க அங்க இருந்தீங்க, அதனால வந்தேன். அது புரியலையா உங்களுக்கு?" ஆட்டோக்காரர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று தொடர்ந்தாள். "எனக்கு இனி ஒண்ணும் கத்துக்குடுக்காதீங்க. ஸ்டிக்க எங்க வேணா போடுங்க. ஆனா ஆறு மணிக்கு மாடிக்கு வாங்க. தினமும் வாங்க. வந்து சும்மா என் பக்கத்துல உட்காருங்க."