மூன்றும் பூஜ்யமும் இல்லாத விரல்கள்

தட்டச்சுக்காரி யோர்தாங்கா புதுக் கம்ப்யூட்டரில் 3040 என்று அடித்தாள். கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. "எண்ணைச் சரியாக அடிக்கவும்" என்று திரையில் வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி கத்தியது.

வெளியே குடமிளகாய் லாரியை எடைமேடையில் நிறுத்திவிட்டு, ஜன்னலில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பென்ச்சோவுக்கு ஒரே சிரிப்பு.

"என்னக்கா, ஃபாக்டரியிலயே உன் விரலுக்குத்தான் வேகம்னு பீத்திக்கிட்டியே. ஒரு லாரி எடையை உள்ள தள்ள முடியலியா?"

"மெஷினுக்கு என்னைப் பிடிக்கல, பென்ச்சோ."

"ஆமாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

அந்தக் கத்தலை எழுதியவள் ராதோஸ்தினா. சோஃபியாவில் படிப்பை முடித்துவிட்டு, ஜூன் மாதம்தான் இந்தக் காய்கறி பதப்படுத்தும் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். வரும் லாரிகளின் எடையைக் கூட்டிக் காட்டும் சின்ன ப்ரோகிராம் அவளுடையது. முதலில், விரல் தவறி ஓர் எழுத்து விழுந்தாலே ப்ரோகிராம் படுத்துவிடும். அதுவரை ஏற்றிய எடையெல்லாம் போய்விடும். அதனால்தான் ஒரு காவல்காரனைப் போல அந்தச் சோதனையை வைத்தாள். அடித்ததெல்லாம் எண்ணாக இருந்தால் மட்டுமே உள்ளே விடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இயக்குநர் வெல்கோவ் கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மிளகாய்ப் பருவம் முழுவீச்சில் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் வராதவர்கள் கழுவும் பிரிவுக்குப் போகலாம். அங்கே நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் கை. யோர்தாங்காவுக்கு ஏற்கெனவே மூட்டுவலி. இவளுக்கே வரவில்லையென்றால் நம் கதி என்ன என்று, மற்ற இரண்டு தட்டச்சுக்காரிகளும் கலங்கிப்போயிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற ராதோஸ்தினாவுக்கு எரிச்சல் வந்தது. தானே உட்கார்ந்து 3040 என்று அடித்தாள். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

"பாருங்கக்கா, எடுத்துக்குதே!"

"நானும் அதையேதாம்மா அடிச்சேன்." யோர்தாங்காவின் கண் கலங்கிவிட்டது.

பொய்யில்லை. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றாகவே இருந்தன. ராதோஸ்தினா அப்போதுதான் திரையை விட்டுவிட்டு அவளுடைய கையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை அடிங்க. மெதுவா."

நான்குக்கு விரல் மேல் வரிசைக்குப் போனது. மூன்றுக்கும் பூஜ்யத்துக்கும் போகவே இல்லை.

"அக்கா, பூஜ்யத்துக்கு ஏன் மேல போகல?"

"எதுக்குப் போகணும்? பூஜ்யம் இங்கதானே இருக்கு?" அவள் தொட்டுக் காட்டியது உருண்டையான 'ஓ' (О) என்ற எழுத்தை.

அலுவலகத்தின் பழைய தட்டச்சு இயந்திரத்தில் மூன்றுக்கும் பூஜ்யத்துக்கும் விசையே கிடையாது. எங்கள் பல்கேரிய எழுத்துகளில் ஒன்று மூன்றைப் போலவே வளைந்திருக்கும், இன்னொன்று பூஜ்யத்தைப் போலவே உருண்டிருக்கும். அப்புறம் தனி விசை என்ன வேண்டிக்கிடக்கிறது? தட்டச்சுக்காரிகள் அத்தனை பேரின் விரலும் அப்படித்தான் பழகியிருந்தது. கண்ணுக்கு எண், கம்ப்யூட்டருக்கு எழுத்து. பென்ச்சோ என்ன சொன்னாலும் சரி, இங்கே கூடமேதான் கோணல். ராதோஸ்தினாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் மாத்திக்கிறேம்மா," என்றாள் யோர்தாங்கா. ஆனால் குரலில் தெம்பில்லை. இத்தனை வருஷத்து விரல் திங்கட்கிழமைக்குள் பேச்சைக் கேட்குமா?

'எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்தால் விரட்டு' என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மதியம் சாப்பிட எடுத்த பனித்ஸா ஆறிப்போகும்வரை ராதோஸ்தினா யோசித்தாள். யாரை விரட்டுவது? பிறகு, சோதனைக்கு முன்னால் இரண்டு வரி சேர்த்தாள். அந்த உருண்டை எழுத்து வந்தால் பூஜ்யம் என்று கொள். இந்த வளைந்த எழுத்து வந்தால் மூன்று என்று கொள். வேறு எது வந்தாலும் வாசலோடு நிறுத்து. கத்தலையும் எடுத்துவிட்டு, என்ன தப்பு, என்ன வேண்டும் என்று எழுதிக் காட்ட வைத்தாள்.

திங்கட்கிழமை வெல்கோவ் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். லாரி வந்தது. யோர்தாங்கா பழைய பழக்கத்திலேயே எடையை அடித்தாள். உள்ளே போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்ததற்கு அவள் விசைகளைப் பார்க்கக்கூட இல்லை.

"பென்ச்சோ, நீ ஒண்ணு அடி பாப்போம்," என்றார் வெல்கோவ்.

பென்ச்சோ ஒற்றை விரலால் தேடித் தேடி, "மூணு டன் இருக்கும்" என்று அடித்தான்.

"இதில் எழுத்துகள் உள்ளன. எடையைக் கிலோவில், எண்ணாக மட்டும் அடிக்கவும்" என்றது திரை. லாரி ஓட்டுநர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

வெல்கோவ் மட்டும் சிரிக்கவில்லை. "போன வாரம் இந்தம்மா அடிச்சதெல்லாம் தப்புன்னாங்களே. அதுக்குள்ள எப்படித் திருந்தினாங்க?"

யோர்தாங்கா திரும்பி ராதோஸ்தினாவைப் பார்த்தாள். ராதோஸ்தினாவுக்கு இது முதல் வேலை, அவள் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"அவங்க திருந்தல, தோழர். தப்பு என் ப்ரோகிராம்ல இருந்துச்சு. அதைத்தான் திருத்தினேன்."

வெல்கோவ் அவளைப் பார்த்தார். பிறகு வாசல்வரை நீண்டிருந்த லாரிகளைப் பார்த்தார்.

"கழுவுற பிரிவுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவோரம் மற்ற இரண்டு தட்டச்சுக்காரிகளும் கையை மேலங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றார்கள். யோர்தாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டாள்.

"என்னடி முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? வாங்கடி. பழைய கையோடயே வரலாம்."